நொண்டும் குஞ்சும் தந்தைச் சேவலும்

பால் வெட்டு முடிந்து, நிறுவையும் முடிந்து, வெயில் ஏறத் தொடங்கிய வேளையில் கெடா மாநிலத்து ரப்பர்த் தோட்டமொன்றின் லயத்தில் நாம் சில குடும்பங்களைச் சந்தித்துக் கொண்டிருந்தோம். அப்பொழுது ஓர் அம்மையார் தம் வீட்டுப் பின்புறத்திற்கு நம்மை அழைத்துச் சென்று, கம்பிவலை அடித்த கோழிக் கொட்டகையைக் காட்டினார். ஆறு வாரம் நிரம்பிய குஞ்சுகள் 38 அதனுள் இருந்தன. அவற்றுள் ஒன்பது சரியாக நடக்கவில்லை. சில இரண்டடி வைத்துவிட்டு உட்கார்ந்தன. ஒன்று இறக்கையை ஊன்றித் தீனித் தொட்டிக்கு நகர்ந்தது.

“கண்ணு பட்டுப் போச்சுங்க, சார். எல்லாம் தீபாவளிக்கு விக்கலாமின்னு வளத்த குஞ்சுங்க” என்றார் அவர். மூத்த மகள் வெளியூரில் தொழிற்கல்வி பயின்று கொண்டிருந்தாள். அவளுடைய விடுதிச் செலவுக்கு இந்தக் கோழிப் பணத்தையே தாய் நம்பியிருந்தார். மந்திரித்துக் கயிறு கட்டியும் பார்த்தாயிற்று. மருந்துக் கடையில் வாங்கிய தூளைத் தண்ணீரில் கலக்கியும் கொடுத்தாயிற்று. பயன் ஒன்றும் இல்லை.

அக்கொட்டகையைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தபொழுது ஒரு செய்தி நமக்குப் புலப்பட்டது. குஞ்சுகளில் சில கழுத்தில் இறகின்றி மொட்டையாக இருந்தன. ஏன் என்று வினவினோம். அவை, லயத்தின் மறுகோடியில் வாழும் தம் தங்கை வீட்டிலிருந்து வாங்கி அடைவைத்த முட்டைகளில் பொரித்தவை என்றார். தங்கை வீட்டுச் சேவல் மொட்டைக்கழுத்து நாட்டுச் சேவல். மற்றக் குஞ்சுகள் இவர் வீட்டுச் சேவலுக்குப் பிறந்தவை. அது இறைச்சிக் கோழிக் கலப்பில் வந்தது. பருத்த மார்பும் தடித்த கால்களும் உடையது. சந்தையில் நல்ல விலை கொடுத்து வாங்கியது. அக்கம்பக்கத்தார் பலரும் அதன் வித்தை விரும்பித் தத்தம் பெட்டைகளைக் கொண்டுவந்து சேர்த்தனர் என்பதில் அம்மையாருக்குப் பெருமையும் இருந்தது.

எண்ணிப் பார்த்தோம். மொட்டைக்கழுத்துக் குஞ்சுகள் 16. அவற்றுள் நொண்டியது ஒன்றே. பெரிய சேவலின் குஞ்சுகள் 22. அவற்றுள் நொண்டியவை எட்டு. ஒரே வாரத்தில் பொரித்தவை, ஒரே கொட்டகை, ஒரே தீனி, ஒரே தண்ணீர். கண்ணேறு என்றால் அது கழுத்தைப் பார்த்தா படும்?

இரு வீட்டுக் குஞ்சுகளின் கணக்கு ஓர் ஆராய்ச்சி ஆகிவிடாது என்பதை நாம் அறிவோம். எனினும், உலகின் பல ஆய்வுக் கூடங்களில் ஆயிரக்கணக்கான கோழிகளை வைத்துக் கண்டறிந்த உண்மையொன்றை அந்தச் சிறிய கொட்டகை நமக்கு நினைவூட்டியது. கோழியின் எலும்பு நோய்களுள் சிலவற்றிற்கு ஆட்படும் இயல்பு, தாய் தந்தையரிடமிருந்து பரம்பரையாக வருகின்றது. அதனைக் குறித்தே இம்மாதப் பாடம்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக் கொள்வோம். பரம்பரையாக வருவது நோய் அன்று; நோய்க்கு எளிதில் ஆட்படும் இயல்பே. இதனை விளக்கத் தோட்ட மக்களுக்கு வேறு உவமை வேண்டியதில்லை. ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்னும் ஒட்டு மரத்தை அறியாத பால்வெட்டுத் தொழிலாளர் இருக்கமாட்டார். நன்றாகப் பால் தரும் மரம். ஆனால், மழைக்காலத்தில் கிளைக் கவட்டில் ரோஜா நிறமாகப் படரும் பூசண நோய்க்கு அது எளிதில் இடம்கொடுக்கும். அதே மழையில், அதே மண்ணில், அடுத்த நிரையில் நிற்கும் வேறோர் இன மரம் அவ்வளவாகப் பாதிக்கப்படுவதில்லை. பூசணம் இல்லையேல் ஆர்.ஆர்.ஐ.எம். 600 மரத்திற்கும் அந்நோய் இல்லை. பூசணம் வந்தால் எந்த மரம் முதலில் விழும் என்பதை மரத்தின் இனம் முடிவு செய்கின்றது. கோழிக்கும் அவ்வாறே.

ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. ஒட்டுக்கட்டிய மரம் தாய் மரத்தின் இயல்பை அப்படியே கொண்டிருக்கும். கோழியோ விதைக் கன்றைப் போன்றது. தந்தையிடமிருந்து பாதி, தாயிடமிருந்து பாதி என மரபுக்கூறுகள் கலந்து வருவதால், ஒரே சேவலுக்கும் ஒரே பெட்டைக்கும் பிறந்த குஞ்சுகளுள்ளும் ஒன்று நொண்டும். மற்றொன்று துள்ளி ஓடும். எட்டுக் குஞ்சு நொண்டி, 14 குஞ்சு நன்றாக நடந்தால், “சேவல்தான் காரணமென்றால் எல்லாமே நொண்டியிருக்க வேண்டுமே” என்று கேட்பவர்களுக்கு இதுவே விடை.

எலும்புக்குள் நடப்பது என்ன?

அந்த மாவட்டக் கால்நடை இலாகா அலுவலர் ஒருவர் நம் வேண்டுகோளுக்கிணங்கி மறுவாரம் வந்தார். மிகவும் நலிந்திருந்த குஞ்சொன்றை அறுத்து, முழங்காலுக்குக் கீழேயுள்ள நீண்ட எலும்பின் மேல் முனையைக் கத்தியால் நெடுக்காகப் பிளந்து காட்டினார். நலமான குஞ்சின் எலும்பில் அவ்விடத்தில் மெல்லிய வெண்கோடு ஒன்று மட்டும் தெரியும். இந்தக் குஞ்சின் எலும்பிலோ, வெள்ளை மெழுகை உருக்கி ஊற்றியது போல ஒரு கட்டி, முனையிலிருந்து எலும்பின் நடுப்பக்கம் வரையில் கூம்பாக இறங்கியிருந்தது.

அந்தக் கட்டி என்னவென்று அறிய, எலும்பு வளரும் விதத்தை அறிதல் வேண்டும். குஞ்சின் கால் எலும்பு நீள்வது அதன் இரு முனைகளிலும் உள்ள குருத்தெலும்புத் தட்டினால் ஆகும். அங்கே குருத்தணுக்கள் ஓயாது பெருகுகின்றன, பின்னர்ப் பருக்கின்றன, அவற்றைச் சுற்றிச் சுண்ணாம்புச் சத்து படிகின்றது, சிறு இரத்தக் குழாய்கள் அதனுள் ஊடுருவி வந்து, பழைய குருத்தை அகற்றி, உண்மையான எலும்பைக் கட்டுகின்றன. வீடு கட்டுமிடத்தில் பலகை அடித்துச் சிமெண்டு ஊற்றி, பிறகு பலகையைக் கழற்றுவதற்கு இதனை ஒப்பிடலாம். நோயுற்ற குஞ்சில் குருத்தணுக்கள் பெருகுவதோடு நின்றுவிடுகின்றன. முழுமையாகப் பருப்பதில்லை, சுண்ணாம்பு படிவதில்லை, இரத்தக் குழாய்களும் நுழைவதில்லை. பலகை மேல் பலகையாக அடித்துக்கொண்டே போவதுதான் மிச்சம். அந்தக் குவியலே நாம் கண்ட வெள்ளைக் கட்டி. அதன்கீழ் எலும்பு வலுவிழந்து, பாரம் தாங்காமல் வளைகின்றது; சில வேளை முறிந்தும் போகின்றது.

இறைச்சிக் கோழியிலும் வான்கோழியிலும் வாத்திலும் இந்நோய் காணப்படுகின்றது. விரைந்து வளரும் பருவத்தில், அதாவது மூன்று முதல் எட்டு வாரம் வரையில், அது தலைகாட்டும். கட்டி சிறிதாக இருந்தால் குஞ்சு நொண்டாது. பார்வைக்கு நலமாகவே இருக்கும்; அதுவே வளர்ந்து சேவலாகித் தன் இயல்பைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும். நன்றாக நடக்கின்றது என்பதற்காக மட்டும் ஒரு சேவலை வித்துக்கு வைத்துக்கொள்ளுதல் போதாது என்பதற்கு இதுவே காரணம்.

இந்நோயை முதன்முதலில் விரிவாக எழுதியவர்கள் லீச், நெஷெய்ம் என்னும் இரு அறிஞர்கள். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்துக் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆய்ந்து, 1965-ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டனர். அவர்கள் செய்தது எளிய செயல்தான். நோய் கண்ட குடும்பத்துக் கோழிகளைத் தமக்குள் சேர்த்து ஒரு வழியையும், நோய் காணாத குடும்பத்துக் கோழிகளைத் தமக்குள் சேர்த்து வேறொரு வழியையும் வளர்த்தனர். முதல் வழியில் நோய் மிகுந்தது; மற்றதில் குறைந்தது. தீனியை மாற்றியபொழுது நோயின் அளவு மாறுவதையும் அவர்களே கண்டனர். பரம்பரை, தீனி ஆகிய இரண்டுமே காரணம் என்பது அன்றே தெளிவாயிற்று. 1993-இல் அலபாமா மாநிலத்து ஆபர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஏழு தலைமுறைகள் இவ்வாறு இரு வழிகளைப் பிரித்து வளர்த்து அதே முடிவுக்கு வந்தனர். அவர்கள் கோழியைக் கொல்லாமலே, கையில் பிடிக்கும் சிறிய ஊடுகதிர்க் கருவியினால் எலும்பைப் பார்த்தனர்.

பிரிட்டனில் இறைச்சிக் கோழி வித்துக் கோழிகளை 25 ஆண்டுகளாக இம்முறையில் தேர்ந்தெடுத்து வந்த கணக்கு 2012-இல் வெளியாயிற்று. கோழிக்குக் கோழி காணப்படும் வேறுபாட்டில், இந்நோயைப் பொறுத்தவரை, நூற்றுக்கு 10 முதல் 27 பங்கு பரம்பரையால் வருவதாக அது கூறுகின்றது. எஞ்சிய பங்கு தீனி, கொட்டகை, வளரும் வேகம் முதலியவற்றால் வருவது. இக்கணக்கை நூறு கோழிகளில் 27 கோழிக்கு நோய் வரும் என்று தவறாகப் பொருள்கொள்ளலாகாது. நல்ல வித்தைத் தேர்ந்தால் தலைமுறைதோறும் சிறிது சிறிதாக நோய் குறையும்; தீனியைக் கவனித்தால் இந்தத் தலைமுறையிலேயே குறையும்; இதுவே அதன் பொருள்.

இறைச்சிக் கோழி இனங்களில் இக்குறை ஏன் மிகுதி? கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகம் 2014-இல் வெளியிட்ட கணக்கு இதற்குத் தக்க சான்றாகும். 1957, 1978, 2005 ஆகிய மூன்று ஆண்டுகளின் கோழி இனங்களை ஒரே தீனி கொடுத்து, ஒருசேர வளர்த்தனர். 56-ஆம் நாளில் 1957-ஆம் ஆண்டு இனம் 905 கிராம் இருந்தது. 1978-ஆம் ஆண்டு இனம் 1,808 கிராம். 2005-ஆம் ஆண்டு இனமோ 4,202 கிராம்! தீனி ஒன்றே, மாறியது பரம்பரை. நான்கு மடங்கிற்கு மேற்பட்ட உடலைத் தூக்கி நிற்பது அதே எட்டு வாரத்துக் குருத்தெலும்பு. பிரிட்டனில் 51,000 இறைச்சிக் கோழிகளின் நடையைப் பார்வையிட்டு 2008-இல் வெளியிட்ட அறிக்கையில், சராசரி 40 நாள் வயதில் நூற்றுக்கு 27.6 கோழிகள் நன்கு நடக்க இயலாதவை என்றும், 3.3 கோழிகள் ஏறத்தாழ நடக்கவே இயலாதவை என்றும் கண்டனர். எடையை மட்டுமே பார்த்துத் தேர்ந்தெடுத்தால் காலை விலையாகக் கொடுக்க நேரிடும் என்பதை இனவிருத்தியாளர்கள் காலம் கடந்தே உணர்ந்தனர். அந்தப் பெரிய சேவலை அம்மையார் எதைப் பார்த்து வாங்கினார் என்பதை வாசகர்கள் நினைவிற் கொள்ளவும். நாமாக இருந்தாலும் அதைத்தான் வாங்கியிருப்போம்.

பிறப்போடு வந்ததெல்லாம் பரம்பரை அன்று

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். நொண்டும் குஞ்சைக் கண்டவுடன் சேவலின் மேல் பழி போடுதலும், கண்ணேறு என்று சொல்வதற்கு அடுத்தபடியான தவறே ஆகும். தாயிடமிருந்து குஞ்சுக்கு வரும் குறைகள் அனைத்தும் மரபுக்கூறின் வழி வருவனவல்ல.

எடுத்துக்காட்டாக, கால் எலும்பு தடித்துப் பெருத்து, கோழி காலணி அணிந்தது போலத் தோன்றும் நோய் ஒன்று உண்டு. அது ஒரு வகை நச்சுயிரால் வருவது. அந்த நச்சுயிர் தாயின் முட்டைக்குள் புகுந்து குஞ்சைச் சென்றடைகின்றது. வழி முட்டைதான், ஆயினும் அது பரம்பரை அன்று, தொற்று. எனினும், அத்தொற்றுக்கு இடம்கொடுக்கும் இயல்பு பரம்பரையாக வரும். அணுவின் மேற்புறத்தில் அந்நச்சுயிர் நுழைவதற்கு ஏற்ற வாயிலைச் சில கோழிகள் தம் மரபுக்கூறிலேயே கொண்டிருக்கின்றன. சில கோழிகளுக்கு அவ்வாயில் இல்லை. வாயில் இல்லாக் கோழி அந்த வகை நச்சுயிருக்கு அஞ்ச வேண்டியதில்லை. தாயும் தந்தையும் ஆகிய இருவரிடமிருந்தும் அந்த இன்மையைப் பெற்றால்தான் குஞ்சுக்குக் காப்பு. ஒருவரிடமிருந்து வாயில் வந்தாலும் நச்சுயிர் நுழைந்துவிடும்.

தாய்க்குத் தீனியில் உயிர்ச்சத்துகள் குறைந்தால் முட்டையிலும் குறையும். குஞ்சு பிறக்கும்பொழுதே நலிந்து பிறக்கும். இதுவும் பரம்பரை அன்று. பெட்டைக்கு நல்ல தீனி கொடுத்தால் அடுத்த அடையில் நீங்கிவிடும்.

இனி, நொண்டுதலைக் கண்டு நோயைப் பிரித்தறிவதற்குச் சில அடையாளங்கள். குஞ்சின் அலகை விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். பதனிட்ட ரப்பர் ஷீட்டைப் போல வளைந்து கொடுத்தால் அது வைட்டமின் டி, சுண்ணாம்புச் சத்து, பாஸ்பரஸ் ஆகியவற்றின் குறைவால் வரும் எலும்பு மெலிவு. நாம் சொல்லும் குருத்தெலும்புக் கட்டி நோயில் அலகு கெட்டியாகவே இருக்கும். கால்விரல்கள் உள்நோக்கிச் சுருண்டு, குஞ்சு கணுக்காலால் நடந்தால் பெரும்பாலும் வைட்டமின் பி வகையில் ஒன்றான ரைபோஃபிளேவின் குறைவு. கணுக்கால் மூட்டின் பின்னால் உள்ள நரம்பு போன்ற தசைநார் இடம் பெயர்ந்து, கால் பக்கவாட்டில் திரும்பிக் கிடந்தால் மாங்கனீசு, கோலின் முதலிய சத்துகளின் குறைவைச் சந்தேகிக்க வேண்டும். ஒரு காலை முன்னும் மறு காலைப் பின்னும் நீட்டிக் கோழி விழுந்து கிடந்தால் அது எலும்பு நோயே அன்று. மாரெக் என்னும் நரம்பு நோய். அதற்குப் பொரித்த அன்றே தடுப்பூசி போடுவதொன்றே வழி. மூட்டு வீங்கிச் சூடாக இருந்தால் கிருமி புகுந்திருக்கின்றது. ஐயமிருப்பின் செத்த குஞ்சைப் புதைத்துவிடாமல், பிளாஸ்டிக் பையிற் கட்டி, பனிக்கட்டியோடு அன்றே கால்நடை இலாகா அலுவலகத்திற்குக் கொண்டுசெல்லுதல் நலம். எலும்பைப் பிளந்து பார்த்தால் ஐயம் தீரும்.

பரம்பரையாக வரும் எலும்பு வேறுபாடு எல்லாமே பல கூறுகள் கூடிச் செய்வதுதான் என்றும் எண்ண வேண்டாம். அழகுக்காக வளர்க்கும் குட்டைக்கால் ஜப்பானியக் கோழியைச் சிலர் பார்த்திருக்கலாம். அதன் காலைக் குட்டையாக்குவது ஒரே ஒரு மரபுக்கூறு. ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் அது வந்தால் கால் குட்டை. இரு பெற்றோரிடமிருந்தும் வந்தால் குஞ்சு பொரிப்பதே இல்லை, முட்டைக்குள்ளேயே மடிந்துவிடும். ஆகவே குட்டைக்காலோடு குட்டைக்காலைச் சேர்த்தால் நான்கில் ஒரு முட்டை வீணாகும். பொரித்தவற்றில் மூன்றில் இரண்டு குட்டைக்கால், ஒன்று நெட்டைக்கால். அடைக்கோழி சரியாக அடைகாக்கவில்லை என்று அதனைத் திட்டுவோர் இதனை அறிந்தால் அந்தக் கோழிக்கு நியாயம் கிடைக்கும்.

தீனியும் சில நஞ்சுகளும்

பரம்பரைக் குறையைத் தூண்டிவிடுவது பெரும்பாலும் தீனி. அம்மையாரின் கொட்டகையில் தீனி மூட்டையைத் தூக்கிப் பார்த்தோம். சிமெண்டுத் தரையின் மேல் நேராக வைக்கப்பட்டிருந்தது, அடிப்புறம் ஈரம், உள்ளே தீனி கட்டி கட்டியாகி, ஊசல் நாற்றம் வீசியது. ஈரத் தீனியில் வளரும் ஒரு வகைப் பூசணம் உண்டாக்கும் நஞ்சு, நாம் மேலே சொன்ன குருத்தெலும்புக் கட்டியை அப்படியே உண்டாக்க வல்லது. 1980-களிலேயே ஆய்வுக் கூடங்களில் இது மெய்ப்பிக்கப்பட்டது. இயல்பிலேயே எளிதில் ஆட்படும் குஞ்சு இத்தீனியைத் தின்றால் கேட்கவும் வேண்டுமோ? மொட்டைக்கழுத்துக் குஞ்சுகளில் ஒன்று நொண்டியதற்கும் இத்தீனி காரணமாக இருந்திருக்கலாம்.

மற்றொரு பொருளைப் பற்றி ரப்பர்த் தோட்டத்தாரிடம் தனியாகச் சொல்லியாக வேண்டும். திரம் என்று ஒரு வேதிப்பொருள் உண்டு. விதைச் சோளத்தில் பூசணம் பிடிக்காமலிருக்க அதனைத் தடவுவார்கள். ரப்பர்ப் பொருள்களைப் பதப்படுத்தும் தொழிலிலும், ஆலையில் கெட்டியாக்கிய ரப்பர்ப் பால் கெடாமலிருக்க அம்மோனியாவோடு சேர்க்கும் கலவையிலும் அது பயன்படுகின்றது. இந்தத் திரம் சிறிதளவு தீனியில் கலந்தாலும் இளங்குஞ்சின் காலில் அதே வெள்ளைக் கட்டி உண்டாகும். ஆய்வாளர்கள் நோயை வேண்டுமென்றே உண்டாக்கிப் பார்க்க இதனையே பயன்படுத்துகின்றனர் என்றால் அதன் வேகத்தை அறிந்து கொள்ளலாம். எனவே, சாயம் பூசிய விதைச் சோளத்தைக் கோழிக்குப் போடாதீர்கள். பால் ஆலையிலிருந்து கிடைக்கும் வெற்றுச் சாக்குகள், தாள் பைகள் ஆகியவற்றைத் தீனி வைப்பதற்கோ கொட்டகைத் தரையில் விரிப்பதற்கோ பயன்படுத்தாதீர்கள்.

குஞ்சுத் தீனியில் சுண்ணாம்புச் சத்து நூற்றுக்கு ஒன்று என்ற அளவிலும், உடலில் சேரக்கூடிய பாஸ்பரஸ் அதில் பாதியளவிலும் இருத்தல் வேண்டும். கடையில் விற்கும் குஞ்சுத் தீனியில் இவை அளவாகவே சேர்க்கப்பட்டிருக்கின்றன. செலவைக் குறைக்கத் தவிட்டையும் சோற்றையும் அதிகமாகக் கலக்கும்பொழுதுதான் அளவு கெடுகின்றது. தவிட்டில் பாஸ்பரஸ் நிறைய உண்டு. ஆனால் அதிற் பெரும்பகுதி கோழியின் வயிற்றில் பிரியாத வடிவில் பூட்டப்பட்டிருக்கின்றது. முட்டைக் கோழித் தீனியைக் குஞ்சுக்குப் போடுவதும் தவறு. அதில் சுண்ணாம்புச் சத்து மூன்று, நான்கு மடங்கு உண்டு. குஞ்சின் சிறுநீரகம் அதனைத் தாங்காது. வைட்டமின் டியைப் பொறுத்தவரை வெயிலே நல்ல மருந்து. வெயில் கோழியின் தோலிலும் காலிலும் பட்டால் அச்சத்து உடம்பிலேயே உண்டாகும். நாள் முழுதும் தகரக் கூரையின்கீழ் அடைத்து வைக்காமல், காலையில் சிறிது நேரம் குஞ்சுகளைத் திறந்துவிட்டால் போதும்.

முட்டையிட்டு ஓய்ந்த கோழிகளைப் பண்ணையிலிருந்து மலிவாக வாங்கிவருவோர் தோட்டங்களில் பலர் உண்டு. அவர்களுக்காக ஒரு சொல். முட்டை ஓடு ஒன்றிற்கு ஏறக்குறைய 2 கிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும். தீனியில் கிடைப்பது போதாத நேரத்தில் கோழி தன் எலும்பிலிருந்தே அதனை எடுத்துக் கொடுக்கின்றது. ஓராண்டிற்கும் மேலாக இவ்வாறு கொடுத்த கோழியின் எலும்பு, காய்ந்த சுள்ளியைப் போலாகிவிடும். பிரிட்டனில் 1989-இல் கண்ட கணக்கின்படி, கூண்டிலிருந்து பிடித்து வண்டியேற்றி வந்த முட்டைக் கோழிகளில் நூற்றுக்கு 29 கோழிகளுக்கு ஏதேனும் ஓர் எலும்பு முறிந்திருந்தது. இங்கும் பரம்பரைக்குப் பங்கு உண்டு. ஸ்காட்லாந்தின் ரோஸ்லின் ஆய்வுக் கழகம் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், எலும்பு வலிமையின் வேறுபாட்டில் நூற்றுக்கு 40 பங்கு பரம்பரையால் வருவதென்று கண்டனர். ஆகவே, அக்கோழிகளை ஒற்றைக் காலைப் பற்றித் தலைகீழாகத் தூக்காமல், இரு கையாலும் உடலை அணைத்துத் தூக்குங்கள். வீட்டில் வைத்து வளர்ப்பதாயின் பொடித்த சிப்பி ஓட்டைத் தனித் தட்டில் வையுங்கள். வேண்டிய அளவை அவையே தின்றுகொள்ளும்.

வித்துச் சேவலைத் தேர்ந்தெடுக்கும் முறை

பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். அந்த ஒரு சேவல் கொட்டகையின் பாதி இயல்பைத் தருகின்றது. பெட்டையைத் தேர்வதைவிடச் சேவலைத் தேர்வதில் பத்து மடங்கு கவனம் வேண்டும் என்பது அதனால்தான். சேவலை மட்டும் பார்த்தால் போதாது. அதன் உடன்பிறப்புகளைப் பாருங்கள். உடன்பிறந்தவற்றில் நொண்டி இருந்திருந்தால், சேவல் எவ்வளவு கம்பீரமாக நின்றாலும் வித்துக்கு வேண்டாம். இயன்றால் அதன் குஞ்சுகளையும் ஒரு முறை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பிள்ளைகள் சொல்லும் சாட்சியைவிடச் சிறந்த சாட்சி இல்லை.

இதற்குக் கணக்கு வேண்டும். பழைய பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் அடை வைத்த நாள், எந்தச் சேவல், எந்தப் பெட்டை, பொரித்தது எத்தனை, நொண்டியது எத்தனை என்று எழுதி வைத்தால் போதும். குஞ்சுகளைப் பிரித்தறிய இறக்கையடியில் வண்ண நூலைத் தளர்வாகக் கட்டலாம். வளர வளர நூலை மாற்ற மறவாதீர்கள். எழுதும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். ஆசிரியராக இருந்த பழக்கத்தில் சொல்கின்றோம், அவர்கள் பெரியவர்களைவிட ஒழுங்காக எழுதுவார்கள்.

அடுத்து, ஒரே சேவலை அதன் மகள்களோடும் பேத்திகளோடும் ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைக்கும் வழக்கம் பல லயங்களில் உண்டு. மறைந்து கிடக்கும் குறைகள் இரு பக்கமும் சேர்ந்து வெளிப்படுவதற்கு இதைவிட எளிய வழி கிடையாது. இரண்டு, மூன்று குடும்பங்கள் பேசி வைத்துக்கொண்டு ஆண்டுக்கொரு முறை சேவலை மாற்றிக்கொள்ளலாம். காசு செலவில்லை.

நொண்டிய குஞ்சின் இறைச்சியை உண்ணலாமா என்று அம்மையார் கேட்டார். குருத்தெலும்புக் கட்டி தொற்றுநோய் அன்று. ஆதலால் கால் நோய்க்காக மட்டும் இறைச்சியை ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் மருந்து கொடுத்த கோழியானால், மருந்துப் பொட்டலத்தில் குறித்துள்ள நாள்கள் கழியும்வரை அறுக்கக்கூடாது. பூசணத் தீனி தின்றவற்றை நல்ல தீனிக்கு மாற்றிச் சில வாரங்கள் வைத்திருப்பதே முறை என்றார் கால்நடை அலுவலர்.

அவர் சொன்ன மற்றொன்றுதான் அம்மையாருக்குக் கடினமாக இருந்தது. பெரிய சேவலை வித்துக்கு வைக்கக்கூடாது. “அத வித்துட்டா வேற யாராவது வித்துக்கு வச்சுக்குவாங்களே, சார்” என்று அவரே சொன்னார். நாம் சொல்ல எண்ணியதும் அதுதான். அந்தச் சேவலின் வித்தைப் பெற்ற நான்கு வீடுகளுக்கும் அன்று மாலையே அவர் சென்று, குஞ்சுகளின் காலைப் பார்க்கச் சொன்னார். ஒரு வீட்டில் கோபித்துக்கொண்டார்கள். மற்றொரு வீட்டில், தங்களிடமும் மூன்று குஞ்சுகள் உட்கார்ந்தே இருப்பதைக் காட்டினார்கள்.

நாம் மீண்டும் அத்தோட்டத்திற்குச் சென்றது தீபாவளி கழிந்த பிறகு. 38 குஞ்சுகளில் 29 விலைபோயின. எதிர்பார்த்த பணம் முழுதும் கிடைக்கவில்லை. விடுதிச் செலவின் குறையைத் தங்கை கொடுத்து உதவினார். தீனி மூட்டை இப்பொழுது இரண்டு செங்கல்லின்மேல் பலகை போட்டு வைக்கப்பட்டிருந்தது. பெரிய சேவல் தீபாவளிக் குழம்பாகிவிட்டது. அதன் கூண்டில் தங்கை வீட்டிலிருந்து வந்த ஓர் இளம் மொட்டைக்கழுத்துச் சேவல் நின்றது. கதவில் ஆணியடித்து ஒரு நோட்டு தொங்கவிடப்பட்டிருந்தது. முதல் பக்கத்தில் இளைய மகனின் கையெழுத்தில் மூன்று வரிகள் எழுதப்பட்டிருந்தன.